மூளை ஸ்பின்னருக்கு மட்டுமா?

கேள்வி: கிரிக்கெட்டில் யோசித்து வீச வேண்டியவர் சுழற்பந்து வீசும் ஸ்பின்னர்தான். வேகப்பந்து வீச்சாளருக்குத் தோளில் தெம்பு இருந்தால் போதும். அப்படியிருக்க மார்ஷல், லில்லி, ஹாட்லி, அக்ரம் இவர்களில் யார் புத்திசாலி என்று ஒப்பிடுவதெல்லாம் வீண்வேலைதானே?
(திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: தெம்பு போதும் என்றால் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மெக்ரா யார்? மணிக்கு 130 கி.மீ. சொச்சத்தில், ஆஃப் ஸ்டம்பை ஒட்டி அதே இடத்தில் குத்திக் குத்தி 563 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். அது எந்தத் தோளின் வேலை?

சரி, நீங்கள் சொன்ன நால்வருக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் லில்லிக்கு 1973-ல் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. மீண்டு வந்தவர், 1980-ல் மெல்போர்னின் மந்தமான ஆடுகளத்தில் கட்டர்களாகவே (தரையில் பட்டதும் சற்றே விலகும் பந்துகள்) வீசி இங்கிலாந்தின் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். நியூசிலாந்தின் ஹாட்லி பந்து வீச ஓடிவரும் தூரத்தைச் சுருக்கிக்கொண்டு 431 விக்கெட் வரை போனார். இருவருமே உடம்பு மக்கர் செய்யத் தொடங்கிய பிறகு தலையை நம்பியவர்கள். பாகிஸ்தானின் அக்ரமுக்குக் கை பேசும். 1999-ல் சேப்பாக்கத்தில் திராவிடின் ஆஃப் ஸ்டம்பைத் தட்டிய பந்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். (அந்த மேட்சில் 10 விக்கெட் எடுத்தவர் சக்லைன் என்ற ஸ்பின்னர். உங்களுக்காக இந்தத் தகவல்.)

என் ஓட்டு வெஸ்ட் இண்டீஸின் மார்ஷலுக்கு. வேகம் முழுசாக இருந்தபோதே, வேண்டாத இடத்தில் அதைக் கழற்றி வைக்கத் தெரிந்தவர். கார்னர், ஆம்ப்ரோஸ் போன்ற சக வேகப்பந்து வீச்சாளர்களான பனைமரங்களுக்கு நடுவே ஆறடியைக்கூட எட்டாத ஆள். அவர் பவுன்சர் தலைக்கு மேலே போகாது, சறுக்கிக்கொண்டு தொண்டைக்கு வரும். 1983-ல் கான்பூரில் கவாஸ்கரின் மட்டையே கையை விட்டுப் பறந்தது. அந்தத் தொடரில், நம் ஊர் செத்த பிட்சுகளில், 33 விக்கெட்.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானம். இடது கட்டைவிரல் முறிந்த நிலையில் கடைசி ஆளாக இறங்கி, ஒற்றைக் கையால் மட்டை பிடித்து, சக வீரர் கோம்ஸ் சதம் அடிக்கும்வரை நின்றார். எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான். எனக்கு முக்கியம் அதற்குப் பின் நடந்தது. மாவுக்கட்டோடு பந்தை எடுத்தவர், வேகத்தைக் குறைத்து ஸ்விங்குக்கு (காற்றில் வளையும் பந்துக்கு) மாறி, 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். வலி தாங்குவது வீரம். வலியோடு நின்றபடி தன் வீச்சையே மாற்றி யோசிப்பது வேறு சமாச்சாரம். 1988-ல் இங்கிலாந்தின் ஓல்ட் டிராஃபோர்டில் விரல் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேகத்தை அடக்கி, பந்தை வளைத்து, 22 ரன்னுக்கு 7. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டுகளில் 35 விக்கெட்.

‘மறுமுனையில் ஹோல்டிங்கும் கார்னரும் இருந்தால் யார்தான் எடுக்க மாட்டார்கள்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹாட்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் கூட்டாளிகள் பலமாக இருந்தால் விக்கெட்டைப் பங்கு போடவும் வேண்டுமே! அப்படிப் பங்கு போட்டும் 376 விக்கெட், சராசரி 20.94.

அதனால், ‘ஹாட்லிதான்’ என்று நீங்கள் எழுதியிருந்தால் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன். ‘தோள் போதும்’ என்றீர்களே, அதற்குத்தான் இத்தனை நீளப் பதில்.