கேள்வி – பதில்: பந்தயக் காரின் எஞ்சினியரும் ரீம் மனேஜரும்

கேள்வி: மகன் உயர்தரத்தில் பௌதிகப் பிரிவு படிக்கிறான். பந்தயக் கார் எஞ்சினியராகத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடைசியில் கராச்சில் போய் நிற்பானோ என்று பயமாக இருக்கிறது. – தாய் ஒருவர், சுன்னாகம்

பதில்: கராச்சில் நிற்பதற்குப் பயப்படாதீர்கள் அம்மா. ரொஸ் பிரோன் 1976இல் மார்ச் என்ற பந்தய நிறுவனத்தில் மில்லிங் மெஷின் ஓட்டுபவராகச் சேர்ந்தவர். 2009இல் தன் பெயரிலேயே ஓடிய குழுவோடு போர்முலா 1இன் ஓட்டுநர், குழு ஆகிய இரண்டு சம்பியன் பட்டங்களையும் வென்றார். மக்லாரன் போர்முலா 1 குழுவை நடத்திய ரொன் டெனிஸ் 1966இல் கூப்பர் குழுவின் மெக்கானிக்.

ஆனால் இன்று வெளிநாட்டுக் குழுக்கள் பொறியியல் பட்டத்தைத்தான் முதலில் கேட்கும். பெறுபேறு வந்தால் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. வராவிட்டால் அதே அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். எந்த வழியில் போனாலும் விடுமுறைக்கு ஒரு நல்ல கராச்சில் வேலை பழகட்டும். மாணவர்களே ஓராள் கார் ஒன்றை வடிவமைத்துக் கட்டி ஓட்டும் போர்முலா ஸ்ரூடன்ற் போட்டியில் இடம் கிடைத்தால் விடவே கூடாது. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சான்றிதழோடு அதையும் தேடிப் பார்க்கிறார்கள்.

கேள்வி: நண்பர்களின் பந்தயக் கார் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். இடது வளைவில் நன்றாகத் திரும்புகிறது. வலது வளைவில் மூக்கு வெளியே தள்ளுகிறது. அலைன்மென்ட் சரி. ஸ்பிரிங்கில் கை வைக்கலாமா? – மெக்கானிக், நெல்லியடி

பதில்: வைக்கலாம், ஆனால் நிறுத்துப் பார்க்காமல் வேண்டாம். நான்கு சில்லின் கீழும் நான்கு தராசு. தராசுகள் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் முதல் வேலை. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பாருங்கள், பதிந்த பக்கத்துக்குத் தகடு வையுங்கள். கடினமான ஸ்பிரிங்கில் 3 மில்லிமீற்றர் சரிவே பல கிலோவைப் பிழையாகக் காட்டும். ரயர் காற்றைச் சரியாக்கி, பந்தயத்தின் பாதித் தூரத்தில் எவ்வளவு பெற்றோல் இருக்குமோ அவ்வளவு ஊற்றி, ஓட்டுநரைச் சீற்றில் இருத்துங்கள். அவர் இல்லையென்றால் அவர் நிறைக்கு மணல் மூட்டை. ஸ்ரியரிங் நேராக இருக்கட்டும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான அன்ரி–ரோல் பாரின் ஒரு பக்க இணைப்பை (லிங்கை) கழற்றிவிடுங்கள்.

உதாரணத்துக்கு 800 கிலோ கார்: இடது முன் 210, வலது முன் 190, இடது பின் 190, வலது பின் 210. இடமும் வலமும் 400, முன்னும் பின்னும் 400. மேலோட்டமாகப் பார்த்தால் குறையே இல்லை. குறுக்காகக் கூட்டுங்கள்: வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்து 380தான், அதாவது 47.5 வீதம். மற்றக் குறுக்கில் 420. நான்கு கால் மேசை இரண்டு காலில் நிற்பதுபோல இந்தக் கார் ஒரு குறுக்கில் நிற்கிறது. நீங்கள் சொல்லும் குணத்தை இதுவே தரும்.

வலது முன், இடது பின் ஸ்பிரிங் இருக்கைகளை, அதாவது ஸ்பிரிங் அமரும் திருகு வளையங்களை, அரைச் சுற்று ஏற்றி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று இறக்குங்கள். அப்படிச் செய்தால் காரின் உயரம் மாறாது. ஒவ்வொரு முறையும் காரைத் தராசிலிருந்து உருட்டி இறக்கி, மேலிருந்து அமுக்கிவிட்டு, திரும்ப ஏற்றி வாசியுங்கள். ஜக்கிலிருந்து நேரே இறக்கினால் ரயர் பக்கவாட்டில் இறுகி நின்று பொய் சொல்லும். பலரும் பிழை விடுவது இந்த இடத்தில்தான். 50 வீதம் வந்ததும் லிங்கைப் பூட்டுங்கள். அதன் போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். தட்டி ஏற்றினால் அவ்வளவு வேலையும் வீண்.

கேள்வி: காலையில் ரயருக்கு 24 பிஎஸ்ஐ வைத்தால் ஓடி வந்தபின் 30 காட்டுகிறது. கேஜ் பழுதா? – வாசகர், கோப்பாய்

பதில்: கேஜ் சரி. கேஜ் காட்டும் 24உடன் வளிமண்டல அமுக்கம் 14.7ஐக் கூட்டினால் 38.7. ரயருக்குள் காற்று 30 பாகை செல்சியஸிலிருந்து 80க்குப் போனால், கெல்வினில் 303 இலிருந்து 353. அமுக்கமும் அதே விகிதத்தில் ஏறி 45.1 ஆகும். 14.7ஐக் கழித்தால் 30.4. அதற்கு மேல் ஏறினால் கொம்பிரசர் தாங்கியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். ஈரம் கூடிய காற்று இன்னும் ஏறும். நம் ஊர் வெயிலில் ஒரு பக்க ரயர் மட்டும் சூடேறியிருக்கும். அந்த நிலையில் நான்குக்கும் ஒரே அளவு வைத்தால் ஓடும்போது ஒரே அளவு இருக்காது. நிழலில் விட்டு, நான்கும் ஆறியபின் வையுங்கள்.

கேள்வி: எஞ்சினியர் இருக்கும்போது ரீம் மனேஜருக்கு என்ன வேலை? பெண்கள் செய்யலாமா? – மாணவி, கோண்டாவில்

பதில்: தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. விதிப் புத்தகம், நேரம், ஆட்கள், சாமான் நான்கும் மனேஜர் பொறுப்பு. நுவரெலியா மககஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்குப் போனாலும் சரி, பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதைக்குப் போனாலும் சரி, பரிசோதனை மேசைக்குக் காரும் தலைக்கவசமும் கடதாசிகளும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். முடிவில் ஆட்சேபம் இருந்தால், மோட்டார் பந்தயத்துக்கான சர்வதேச விளையாட்டுக் கோவைப்படி தற்காலிக முடிவு வெளியாகி 30 நிமிடத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். 31ஆவது நிமிடத்தில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

2024 பெல்ஜியம் போட்டியில் ஜோர்ஜ் ரசல் முதலாவதாக வந்தார். பெற்றோலோடு நிறுத்தபோது கார் சரியாக 798 கிலோ, பெற்றோல் இல்லாமலே இருக்கவேண்டிய அந்த ஆண்டுக் குறைந்தபட்ச நிறையும் அதுதான். 2.8 லீற்றரை வெளியே எடுத்தபின் 796.5. வெற்றி பறிபோனது. ரயர் மாற்ற ஒரே தரிப்போடு அவர் ஓடியதால் ரயர் தேய்ந்ததும் நிறை குறைய ஒரு காரணம். ஸ்பாவில் முடிவுக் கொடி விழுந்தபின் முழுச் சுற்றுப் போவதில்லை, ஆகவே பாதையில் கிடக்கும் றப்பர் துண்டுகள் ரயரில் ஒட்டி நிறை கூடவும் வழியில்லை. தரிப்பைக் குறைக்க முடிவெடுக்கும் அந்தக் கணத்தில் ‘நிறைக்கு இடம் இருக்கிறதா?’ என்று கேட்க ஒருவர் வேண்டும்.

பழக விரும்பினால் ஒரு கொப்பி எடுத்து, காரோ மோட்டார் சைக்கிளோ ஓடிவரும் ஒவ்வொரு முறையும் நேரம், சுற்று, ஊற்றிய பெற்றோல், மிஞ்சிய பெற்றோல், ஒவ்வொரு ரயரின் ஆறிய அளவும் சூடான அளவும், ஓட்டுநர் வாயால் சொன்னது அப்படியே, இவ்வளவையும் எழுதுங்கள். இறங்கி இரண்டு நிமிடத்துக்குள் கேளுங்கள். தேநீர் குடித்து முடித்தபின் கேட்டால் எந்த வளைவில் என்பது மறந்திருக்கும்.