பழைய ஃப்ரிட்ஜில் பியர் நொதிக்க வைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃப்ரிட்ஜின் திருகையே மிகக் குறைந்த குளிர்ச்சியில் வைத்தால் போதாதா? தனியாக ஒரு கன்ட்ரோலர் எதற்கு?

போதாது. ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட் சாப்பாடு கெடாமல் வைத்திருப்பதற்கானது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் ஏல் வகை பியரின் ஈஸ்ட்டுக்கு அந்தக் குளிர் அதிகம். அதற்கு வேண்டியது 18 முதல் 22 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜ் குளிரில் அது வேலையை நிறுத்திவிட்டு அடியில் படிந்துவிடும்.

ஃப்ரிட்ஜின் பிளக்கை டெம்பரேச்சர் கன்ட்ரோலரில் செருகுங்கள். உள்ளே இருக்கும் திருகை அதிகபட்சக் குளிரில் விட்டுவிடுங்கள். அப்போதுதான் கன்ட்ரோலர் சொன்னதும் கம்ப்ரஸர் ஓடும். இங்க்பேர்ட் ஐடிசி-308 போன்றவற்றில் குளிரூட்ட ஒன்று, சூடாக்க ஒன்று என இரண்டு சாக்கெட் இருக்கும். வயரிங் வேலை இல்லை. எஸ்டிசி-1000 என்றால் நீங்களே வயர் இணைக்க வேண்டும். மின்வேலை தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சென்சாரை ஃப்ரிட்ஜுக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். கன்ட்ரோலர் 19 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் பியரில் பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு காரம். ஏன்?

வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. நீங்கள் அளந்தது காற்றை. ஈஸ்ட் இருப்பதோ திரவத்தில். சர்க்கரையை உண்ணும்போது ஈஸ்ட் வெப்பத்தை வெளியிடும். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது திரவம் சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடாக இருப்பது சாதாரணம். ஆக, கன்ட்ரோலர் 19 காட்டிய நேரத்தில் உங்கள் வோர்ட் (பியராக நொதிக்கும் இனிப்புத் திரவம்) 23, 24-ல் இருந்திருக்கலாம். அந்தச் சூட்டில் பல ஈஸ்ட் வகைகள் ஃபியூசல் ஆல்கஹால்களையும் (காரமாகச் சுடும் ஆல்கஹால் வகைகள்) எஸ்டர்களையும் (பழ வாடை, அதிகமானால் தின்னர் வாடை தருபவை) கூடுதலாக உண்டாக்கும். நீங்கள் சொல்லும் காரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

சென்சாரை ஃபெர்மென்டரின் (நொதிக்கவைக்கும் பாத்திரத்தின்) பக்கவாட்டில், திரவ மட்டத்துக்குக் கீழே டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் தடிமனான ஃபோம் துண்டு ஒன்றை வைத்து மூடிவிடுங்கள். காற்றின் குளிர் படாமல் சுவரின் வெப்பத்தை மட்டும் அது வாங்கும். மூடி வழியே உள்ளே இறங்கும் தெர்மோவெல் குழாய் இருந்தால் இன்னும் துல்லியம்.

இன்னொன்று: முதல் மூன்று நாள் கட்டுப்பாடுதான் சுவையைத் தீர்மானிக்கிறது. ஈஸ்ட் போடும்போதே வோர்ட்டை இலக்கைவிட ஓரிரு டிகிரி குறைவாக வைத்துத் தொடங்குங்கள். வேகம் தணிந்த பிறகு இரண்டு டிகிரி ஏறினால் கெடுதல் இல்லை. வெண்ணெய் வாடை தரும் மிச்ச டைஅசிட்டைலை ஈஸ்ட் உறிஞ்சிக்கொள்ள அது உதவவும் செய்யும். லாகர் (குளிரில் நொதிக்கும் பியர் வகை) என்றால் 9 முதல் 13 டிகிரியில் நொதிக்கவிட்டு, முடிகிற தறுவாயில் 16, 17-க்கு ஏற்றுங்கள்.

கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுகிறது.

உடனே சரிசெய்யுங்கள், இல்லையென்றால் கம்ப்ரஸர் போய்விடும். நின்றவுடனே திரும்பக் கிளம்பினால், உள்ளே அழுத்தம் இன்னும் இறங்காத நிலையில் மோட்டார் திணறும். கன்ட்ரோலரில் கம்ப்ரஸர் தாமதத்தை 5 நிமிடமாவது வையுங்கள். வெப்பநிலை வித்தியாசம் (இலக்கிலிருந்து எவ்வளவு விலகினால் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும் என்பது) 0.5 முதல் 1 டிகிரி வரை இருக்கட்டும். சென்சார் ஃபெர்மென்டரோடு ஒட்டியிருந்தாலே இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வயர் போக ஓட்டை போடலாமா?

பக்கச் சுவரில் வேண்டவே வேண்டாம். நிறைய மாடல்களில் குளிர்வாயுக் குழாய்கள் அங்கே ஒளிந்திருக்கும். ஐசோபியூட்டேன் நிரப்பிய ஃப்ரிட்ஜ் என்றால் கசிவது எரியும் வாயு. மெல்லிய சென்சார் வயரைக் கதவின் ரப்பர் விளிம்புக்கு இடையே விட்டாலே போதும், காற்று அவ்வளவாகப் புகாது.

குளிர்காலத்தில் சூடாக்க குண்டு பல்ப் வைக்கலாமா?

வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள் சிதைந்து பியர் நாறிப்போகும். ஃபெர்மென்டரைச் சுற்றும் ஹீட் பெல்ட்டோ குறைந்த வாட் குழாய் ஹீட்டரோ வாங்குங்கள்.

உள்ளே பூஞ்சை பிடிக்கிறது.

மூடிய பெட்டி, ஈரம், சிந்திய நுரை எல்லாம் சேர்ந்தால் பூஞ்சை வரத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் துடைத்து உலரவிடுங்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வையுங்கள். சும்மா கிடக்கும் காலத்தில் கதவு லேசாகத் திறந்திருக்கட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், கொக்கி போட்டுப் பூட்டும் பழைய கதவின் கொக்கியை முதலிலேயே கழற்றிவிடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தையால் அதைத் திறக்க முடியாது.

பியரைத் தெளியவைக்கக் கடைசியில் 2 டிகிரிக்கு இறக்கினால் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான்) தண்ணீர் உள்ளே போய்விடுகிறது.

குளிரும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கும், திரவத்திலும் கொஞ்சம் கரையும். அந்த இடத்தை நிரப்பத்தான் தண்ணீர் இழுபடுகிறது. குளிர்விக்கும் முன் ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, நொதித்தலின்போது கார்பன் டைஆக்சைடு நிரப்பிய பலூனை அந்த இடத்தில் மாட்டுங்கள். தண்ணீரும் போகாது, ஆக்ஸிஜனும் போகாது. 20 லிட்டர் பியர் ஏறக்குறைய 400 லிட்டர் வாயுவைத் தருவதால் பலூனை நிரப்பப் பஞ்சமே இருக்காது. அவ்வளவு வாயு தேங்கினால் மூச்சடைக்கும் என்பதால் ஃப்ரிட்ஜ் இருக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். கதவைத் திறந்தவுடன் தலையை உள்ளே நீட்டாதீர்கள்.