தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரை ஆவணங்களில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணனை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

எங்கள் ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் அவரை நேட்டால்காரர் என்றுதான் சொல்வார்கள். "தாது வருஷப் பஞ்சத்தில் பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர், அங்கேயே கப்பலேறிவிட்டார்" என்று பாட்டி சொல்லுவார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த ஒரு வரியே பெரிய உதவி. தாது வருஷம் என்பது 1876–77. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்தது. 1866-இல் நின்றுபோன ஆளனுப்புதல் 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. 1911 வரை போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரையும் தேட வேண்டியதில்லை, பஞ்சத்தை ஒட்டிய சில ஆண்டுகளின் கப்பல் பட்டியல்கள் போதும். அவை இணையத்திலேயே கிடைக்கின்றன.

ஆனாலும் இரண்டு ஆண்டுகள் வீணாயின. வட ஆற்காடு என்ற பெயரின் கீழேயே தேடிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது! உங்கள் ஊர் அந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில் இருந்தது என்பதை முதலில் பாருங்கள். அடுத்தது எழுத்து. ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும் முதலியார் 'மூட்லி' ஆனதும் அப்படித்தான். பட்டியலைக் கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். நான் திணறிய ஊர்ப்பெயரை என் பெரியம்மா ஒருமுறை கேட்டதுமே சொல்லிவிட்டார்.

அதே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்திய பிறகே அவர்தான் என்று ஏற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டு அவசரப்படாதீர்கள், வேறொரு குடும்பத்தின் மனிதரை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள்.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில், இந்தியக் குடியேறிகளுக்கான பாதுகாவலர் அலுவலகத்தின் பழைய கோப்புகள் இருக்கின்றன. எங்கள் பெரியவரின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தது, எண் மட்டும் மாறவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பிறகு வேறொரு கப்பலில் வந்த பெண்ணுடன் பதிவான திருமணம் எனத் தாள் தாளாக அவர் வாழ்க்கை தெரியவந்தது. பத்தாண்டு முடிந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் உண்டு. அவர் அதைப் பயன்படுத்தியதாக எந்தப் பதிவும் இல்லை.

கப்பல் பட்டியலில் உடல் அடையாளத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆளை இனங்காண அவர்கள் எழுதிக்கொண்டது அது. இவருக்கு 'நெற்றியில் தழும்பு' என்றிருந்தது. எங்களிடம் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. அவர் முகத்தைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான். அன்று வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஆளைக் கண்டுபிடித்ததும் மேலும் கீழும் உள்ள எண்களையும் படியுங்கள். ஒரே வட்டாரத்திலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பதிவாகியிருப்பார்கள். இவருக்கு அடுத்த எண், பக்கத்து ஊரைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன். அவனுடைய தகப்பன் பெயரைச் சொல்லி அந்த ஊரில் விசாரித்து, அவர்கள் வீட்டுக்குப் போன பொங்கலன்று அந்தப் பக்கத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.