மலையில் கழுவியது, மட்டக்குளியில் படிகிறது: வாசகர் கேள்விகள்

களனி ஆறு கடலில் சேரும் கழிமுகம் கொழும்புப் பக்கம் இருக்கிறது. அங்கே சேற்றில் ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் என்றால் மலையகத்தில் இருக்கும் எங்களுக்கு என்ன? (நோர்வூட் வாசகர்)

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கெசல்கமு ஓயாதான் கீழே மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனியாகி, மட்டக்குளியில் கடலைத் தொடுகிறது. ஓயாக் கரைச் சேற்றைக் கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல், அதில் உலோகம் அதிகம் ஒட்டாது. சவர்க்காரம் மாதிரி வழுக்குகிற களிதான் உலோகத்தைச் சுமப்பது. அதில் ஒரு பங்கு அணைக்கட்டுகளில் தங்கிவிடும். மீதி கழிமுகம் போய், உப்புத்தண்ணீர் பட்டதும் திரண்டு அடியில் இறங்கும். கட்மியம் மட்டும் வேறு ரகம்: கடல்நீரின் குளோரைடு அதைச் சேற்றிலிருந்து பிரித்து மறுபடி தண்ணீரில் விட்டுவிடும்.

தேயிலைக்கு அடிக்கும் மருந்திலும் உலோகமா?

ஆமாம். தேயிலை இலையில் பூஞ்சையால் வரும் கொப்புள நோய் 1946இல் இங்கே வந்ததிலிருந்து செப்பு மருந்து அடிக்கிறோம். சிங்க் (துத்தநாக) சல்பேட் தெளிக்கிறோம். பொஸ்பேட் உரத்தோடு கட்மியமும் கொஞ்சம் வரும். அதற்காக எல்லாப் பழியையும் தேயிலை தலையில் போடாதீர்கள். கீழே போகப் போக நகரக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் சேர்கின்றன.

சேற்றைப் பற்றிய ஓர் அறிக்கையில் சிங்க் இயல்பைவிட 5 மடங்கு, கட்மியம் 2 மடங்கு என்றிருந்தது. சிங்க்தானே மோசம்?

இல்லை. சுவீடன் ஆய்வாளர் ஹகான்சன் 1980இல் ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு நச்சு எடை கொடுத்தார்: சிங்க் 1, செம்பும் ஈயமும் 5, கட்மியம் 30, பாதரசம் 40. அறிக்கையில் உள்ள மடங்கை இந்த எடையால் பெருக்கிப் பாருங்கள். சிங்க் 5தான், கட்மியம் 60. நாற்பதைத் தாண்டினாலே நடுத்தர ஆபத்து. அப்புறம், 'இயல்பு' என்று எதை வைத்தார்கள் என்றும் பாருங்கள். நம் மலைப் பாறையின் அளவை விட்டு உலகச் சராசரியை வைத்துவிட்டால் கணக்கே மாறிப்போகும். நான் அறிக்கையில் முதலில் தேடுவது அதைத்தான்.

நீர்த்தேக்கத்துத் திலாப்பியா சாப்பிடலாமா? கொதிக்கவைத்தால் உலோகம் போகுமா?

போகாது. குழம்பு வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆனால் ஈயமும் கட்மியமும் சதையைவிட ஈரல், செவுள், சிறுநீரகத்தில்தான் அதிகம் சேரும். அவற்றைச் சுத்தமாக எடுத்துவிட்டுச் சமையுங்கள்.

வாரிப்போட்ட குளத்துச் சேற்றை மரக்கறிப் பாத்திக்குப் போடலாமா?

சோதிக்காமல் வேண்டாம், அதுவும் கீரைக்கு. நம் மண் புளிப்பு. புளிப்பு மண்ணில் கட்மியம் சுலபமாக இலைக்கு ஏறிவிடும்.