அரை நொடிக்கு 2,000 டாலர்: மின்சார காரின் திறன் மேம்பாட்டை வாங்கலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடன் பெற்று ஒரு மின்சார கார் வாங்கினேன். கடன் முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. வட்டி 9 சதவீதம். சில வாரங்களாகக் காரின் செயலியில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டிருக்கிறது. 2,000 டாலர் கட்டினால் மென்பொருள் வழியாகவே காரின் திறனைக் கூட்டித் தருவார்களாம். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொடும் நேரம் அரை நொடி குறையுமாம். மொத்தமாகக் கட்ட மனமில்லை என்றால் மாதம் 60 டாலர் சந்தாவிலும் பெறலாம். "யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறாயே" என்று நண்பர் கேலி செய்கிறார். இன்னும் நான்கு ஆண்டுகள் இந்தக் காரை வைத்திருக்க நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: உங்கள் நண்பரின் பழமொழி இங்கே பொருந்தவில்லை. அங்குசம் இல்லாமல் யானையை நடத்த முடியாது. இந்த மேம்பாடு இல்லாமலேயே உங்கள் கார் இரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. காரின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் 2,000 டாலர் சிறிய தொகையாகத்தான் தெரியும், விற்பவர் விரும்புவதும் அந்த ஒப்பீட்டைத்தான். அதே பணத்தைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்பதோடுதான் நீங்கள் ஒப்பிட வேண்டும்.

முதலில் எதை விற்கிறார்கள் என்று பார்ப்போம். மோட்டார், இன்வெர்ட்டர் (பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி), பேட்டரி மூன்றும் ஏற்கெனவே உங்கள் காரில் இருப்பவை. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு ஒரு நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் செல்லலாம் என்பதை மென்பொருள் கட்டுப்படுத்துகிறது. பணம் கட்டியதும் அந்த உச்சவரம்பு சற்று உயர்கிறது, அவ்வளவுதான். இந்த வழக்கம் புதிதும் அன்று. 2013இல் டெஸ்லா 40 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட மாடல் எஸ் வகையைக் கைவிட்டபோது, அதற்கு முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு 60 கிலோவாட்-மணி பேட்டரியைப் பொருத்தி, மென்பொருளால் அதை 40க்குள் நிறுத்தி வைத்துக் கொடுத்தது. 2017இல் இர்மா சூறாவளி ஃபுளோரிடாவை நெருங்கியபோது, அங்கிருந்து வெளியேறியவர்களுக்கு உதவுவதற்காக அதே நிறுவனம் சில கார்களின் பேட்டரியில் பூட்டியிருந்த பகுதியைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. திறப்பதற்கு ஒரு கட்டளை போதும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குள்ளேயே பூட்டிவைத்துச் சாவிக்குத் தனிக் காசு கேட்கிறார்களே என்று பலர் கொதிப்பது எனக்குப் புரிகிறது. இருக்கைச் சூடாக்கியை மாதச் சந்தாவில் விற்கப் பார்த்த பி.எம்.டபிள்யூ 2023இல் அதைக் கைவிட்டதற்கு அந்தக் கொதிப்பும் ஒரு காரணம். ஆனால் கோபத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது.

உங்களிடம் கேட்கும் விலை சந்தைக்கு ஒவ்வாததும் அன்று. டெஸ்லா 2019 டிசம்பரில் மாடல் 3 லாங் ரேஞ்ச் காருக்கு இதே 2,000 டாலருக்குத்தான் இத்தகைய மேம்பாட்டை விற்கத் தொடங்கியது. மணிக்கு 96 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம் 4.4 நொடியிலிருந்து 3.9 நொடியாகக் குறைந்தது. மெர்சிடிஸ் 2022இல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,200 டாலர் என்று அறிவித்தது. ஃபோக்ஸ்வாகன் 2025இல் பிரிட்டனில் ஐ.டி.3 காரின் திறனை 150 கிலோவாட்டிலிருந்து 170 ஆக உயர்த்த மாதம் 16.50 பவுண்டு, ஆண்டுக்கு 165 பவுண்டு, நிரந்தரமாக என்றால் 649 பவுண்டு என மூன்று விலைகளை வைத்தது.

இனி உங்கள் கணக்கு. மாதம் 60 டாலர் வீதம் கட்டினால் 34ஆவது மாதத்தில் 2,000 டாலரைத் தாண்டிவிடுவீர்கள். எனவே நான்கு ஆண்டு வைத்திருப்பவருக்கு மொத்தமாகக் கட்டுவதே லாபம் என்று விளம்பரம் சொல்லும். அந்தக் கணக்கில் வட்டி இல்லை. கையில் உள்ள 2,000 டாலரை இன்று உங்கள் கடனில் முன்கூட்டிக் கட்டிவிட்டு மாதத் தவணையை மாற்றாமல் தொடர்ந்தால், கடன் முடியும் தறுவாயில் சுமார் 2,800 டாலர் மதிப்புள்ள தவணைகளை நீங்கள் கட்டவே வேண்டியிருக்காது. முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்பதை மட்டும் கடன் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 9 சதவீத வட்டியையும் சேர்த்தால், மொத்தக் கட்டணமும் சந்தாவும் சமமாகும் புள்ளி 34ஆவது மாதத்திலிருந்து 39ஆவது மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அதாவது மூன்றேகால் ஆண்டு இடைவிடாமல் பயன்படுத்தினால்தான் மொத்தமாகக் கட்டுவதில் உங்களுக்கு ஆதாயம். நடுவில் காரை மாற்றினாலோ, ஆர்வம் வடிந்து சந்தாவை நிறுத்தியிருப்பீர்கள் என்றாலோ அந்த ஆதாயமும் இல்லை.

ஆர்வம் வடியுமா என்பதுதான் இதில் பெரிய கேள்வி. ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அழுத்தும் சில நொடிகளில் மட்டுமே இந்தக் கூடுதல் திறன் வேலை செய்கிறது. அதுவும் பேட்டரி குளிர்ந்திருந்தாலோ சார்ஜ் வெகுவாகக் குறைந்திருந்தாலோ முழு அளவில் கிடைக்காது. வாரத்துக்கு இருமுறை நீங்கள் அப்படி அழுத்துவதாக வைத்துக்கொண்டால் நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 400 முறை ஆகும். ஒரு முறைக்கு 5 டாலர். மிச்சமாகும் நேரத்தையெல்லாம் கூட்டினால் 200 நொடி, மூன்று நிமிடம் இருபது நொடி. நேரத்தை மிச்சப்படுத்த யாரும் இதை வாங்குவதில்லை, முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும் அந்தச் சுகத்துக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், சுகத்துக்குச் செலவு செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே சுகத்தைப் பத்தாவது முறை உணரும்போது உடம்பு அதற்குப் பழகியிருக்கும். உங்கள் கார் இப்போதே நீங்கள் முன்பு ஓட்டிய பெட்ரோல் காரைவிட விரைவாகச் சீறுகிறது என்றால், வாங்கிய முதல் மாதத்தில் அது தந்த பரவசம் இன்றும் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

காரை விற்கும்போது இந்தப் பணம் திரும்பி வரும் என்று எண்ணாதீர்கள். பழைய கார் வாங்குபவர் மாடல், ஆண்டு, ஓடிய தூரம், பேட்டரியின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே விலை பேசுவார். திரையில் ஒரு வரியாகத் தெரியும் மேம்பாட்டுக்கு அவர் தனியாகப் பணம் தருவது அரிது. அது காரோடு போகுமா, உங்கள் கணக்கோடு போகுமா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2020இல் அமெரிக்காவில், ஒருவர் முகவரிடம் வாங்கிய பழைய டெஸ்லா காரில் விற்பனையின்போது காட்டப்பட்ட தானோட்ட வசதிகள் பிறகு நீக்கப்பட்டு, செய்தி வெளியே பரவியபின் திரும்பக் கொடுக்கப்பட்டன. ஆகவே மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம் என்றே வைத்துக் கணக்கிடுங்கள். ஏதாவது கிடைத்தால் அது உபரி.

விலைப்பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. அடிக்கடி முழுவேகத்தில் கிளம்பினால் டயர் சீக்கிரம் தேயும். மின்சார கார்கள் எடை மிகுந்தவை என்பதால் அவற்றின் டயர் செலவு ஏற்கெனவே அதிகம். காரின் திறன் மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்கலாம் என்பதால், வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றுவிடுங்கள். பாதி விலைக்கு இதையே செய்து தருவதாகச் சொல்லும் வெளியார் கருவிகளைத் தொட வேண்டாம்; கார் நிறுவனத்தின் அடுத்த மென்பொருள் புதுப்பிப்பு அதை முடக்கலாம், வாரண்டிக்கும் ஆபத்து.

யாருக்கு இதை வாங்கச் சொல்வேன்? எதிரெதிரே வண்டிகள் வரும் இருவழிச் சாலைகளில் நாள்தோறும் நீண்ட தூரம் ஓட்டி, லாரிகளை முந்த வேண்டியிருப்பவருக்கு. போல்ஸ்டார் நிறுவனத்தின் போல்ஸ்டார் 2 மின்சார காருக்கான மேம்பாடு, கூடுதல் திறனைப் பெரும்பாலும் 70 முதல் 130 கி.மீ. வேகத்துக்குள் தருமாறு அமைக்கப்பட்டது. 80இலிருந்து 120 கி.மீ. வேகத்துக்கு 2.2 நொடியில் செல்லும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. முந்தும்போது எதிர்ப்புறத் தடத்தில் இருக்கும் நேரம் குறைவதற்கு மதிப்பு உண்டு. உங்கள் காரில் கிடைப்பதும் இந்த வகைதானா, சிக்னலில் கிளம்பும்போது மட்டும் உதவும் வகையா என்று விசாரியுங்கள். புதிய கார் வாங்கப் போகிறவருக்கும் இது ஒரு வழி: விலையுயர்ந்த வேகமான வகைக்குப் பதிலாகச் சாதாரண வகையை வாங்கி, பிறகு தேவைப்பட்டால் மென்பொருளைச் சேர்க்கலாம். ஆனால் வேகமான வகையோடு வரும் பெரிய பிரேக்கும் தாழ்ந்த சஸ்பென்ஷனும் மென்பொருளில் வராது.

ஆக, 9 சதவீதக் கடன் நிலுவையில் இருக்கும்வரை 2,000 டாலரை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை தனியே இருந்தால், ஆசைக்கு ஒரே ஒரு மாதம் சந்தாவில் எடுத்துப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே அணைத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அழுத்திய ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தியபின் கைப்பேசியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மாத முடிவில் 60 டாலரை அந்தக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் தொகையை அடுத்த மாதமும் மனமுவந்து கொடுப்பீர்களா என்று வீட்டாரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.