கிணற்றில் பெட்ரோல் வாசனை: நிலத்தடி நீர் ஆய்வாளர் பதில்கள்

கேள்வி: கிணற்று நீரில் வானவில் நிறத்தில் படலம் தெரிகிறது. எண்ணெய்தானா?

பதில்: குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து தனித்தனியே மிதந்தால் அது பெரும்பாலும் இரும்பு பாக்டீரியாவின் வேலை. கலைந்த வேகத்திலேயே மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். வாசனையும் இருந்தால் குச்சியைத் தேட வேண்டாம். அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. யாரும் கிணற்றில் இறங்கவும் கூடாது.

கேள்வி: கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்கிறார் மாமியார்.

பதில்: கிருமிகளுக்கு அது சரி. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சு ஆவியாகி உங்கள் சமையலறைக் காற்றில் கலக்கும், அவ்வளவுதான். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவு பென்சீனை எந்த மூக்காலும் பிடிக்க முடியாது.

கேள்வி: பெட்ரோல் பங்கிலிருந்து 60 மீட்டரில் என் வீடு. எதிர்வீட்டுக் கிணறு நாறுகிறது, என்னுடையது நாறவில்லை. பங்க் உரிமையாளரோ தொட்டி கசியவே இல்லை என்கிறார்.

பதில்: மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கசிவு பெரும்பாலும் தொட்டியில் அல்ல, தொட்டியையும் பம்பையும் இணைக்கும் குழாய் மூட்டில். தினமும் அளவுகோல் விட்டு எடுக்கும் இருப்புக் கணக்கையும் விற்பனைக் கணக்கையும் ஒப்பிட்டால் பாதி விஷயம் வெளிவரும். ஆனால் மெதுவான கசிவு அந்தக் கணக்கிலும் ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது நிலத்தடி நீரோட்டத்தின் திசை. ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். அவற்றின் வாய் உயரத்தை ஒரே பொதுப் புள்ளியோடு ஒப்பிட்டு அளந்து, ஒரே நாளில் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். தெரு சரிவதைப் பார்த்தே திசையை முடிவுகட்டிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன்; எதிர்வீட்டில் நாளெல்லாம் மோட்டார் ஓடினால் நீர் அந்தப் பக்கம்தான் வளையும். திசை தெரியாமல் துளை போடுவது காசைப் புதைப்பது.

கேள்வி: மாசைப் பார்க்கப் போட்ட கண்காணிப்புக் கிணற்றில் ஓர் அடி பெட்ரோல் மிதந்தது. மழைக்குப் பிறகு காணோம். சுத்தமாகிவிட்டதா?

பதில்: இல்லை. பெட்ரோல் நீரைவிட இலேசானது, அதனால் மிதக்கிறது. நீர்மட்டம் ஏறும்போது அதில் ஒரு பகுதி மண் துகள்களுக்கிடையே நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும். கோடையில் மட்டம் இறங்கியதும் திரும்ப வரும். கிணற்றில் ஓர் அடி நின்றதால் மண்ணிலும் ஓர் அடி என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கிணற்றுக் குழாயின் துளையிட்ட பகுதி கோடை மட்டத்துக்குக் கீழும் மழைக்கால மட்டத்துக்கு மேலும் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மிதப்பது உள்ளே வராது, அறிக்கையும் 'எண்ணெய் இல்லை' என்றே வரும்.

கேள்வி: மாசு அதிக தூரம் பரவாது என்கிறார்களே? நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம்.

பதில்: 1995இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வில், பெட்ரோல் தொட்டிக் கசிவுகளிலிருந்து நிலத்தடி நீரில் பரவிய பென்சீன் தடம் பெரும்பாலும் 80 மீட்டருக்குள் நின்றது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. அந்த எண்ணை யாழ்ப்பாணத்துக்குத் தூக்கிவராதீர்கள். உங்கள் ஊர் சுண்ணாம்புப் பாறை. வெடிப்புகளிலும் குகைகளிலும் நீர் ஓடுகிறது. அங்கே கசிந்ததும் பெட்ரோல் அல்ல, மின் நிலையத்தின் எண்ணெய். 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

கேள்வி: மாதிரியைத் தண்ணீர் பாட்டிலில் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோங்கள். மூடியதும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். குமிழி தெரிந்தால் வேறு குப்பி.