நரைத்த முதிரைக்குக் கழிவு ஒயில் பூசலாமா?

கேள்வி: ஓடாவி அண்ணை, 4 வருடத்துக்கு முன் கனடாவில் இருந்து வந்த என் தமையன், வீட்டு முன்பக்கம் முதிரைப் பலகையில் இருக்கைத் தளம் ஒன்று அடிப்பித்தார். இப்போது அது சாம்பல் நிறமாகி, ஆணியடியெல்லாம் கறுத்து, வெறுங்காலில் சிராம்பு ஏறுகிறது. பக்கத்து வீட்டு ஐயா டிராக்டர் கழிவு ஒயில் பூசச் சொல்கிறார். தமையன் பிரஷர் மெஷினால் அடித்துக் கழுவச் சொல்கிறார். எதைச் செய்வது?
(வாசகி, மல்லாவி)

பதில்: தங்கச்சி, இரண்டும் வேண்டாம். கழிவு ஒயிலைப் பற்றி நான் பட்டுத்தான் சொல்கிறேன். மீள்குடியேறி வந்த புதிதில் எங்கள் கிணற்றடிப் பலகைக்கு அதைத்தான் பூசினேன். மார்கழி மழையில் அம்மா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்த ஒயில் காய்வதே இல்லை, மழைத் தண்ணீரோடு ஓடி மண்ணுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் போகும்.

மெஷினின் வேகத் தண்ணீர் மரத்தின் மெதுவான நாரைப் பிய்த்துவிடும். பலகை பஞ்சு பறந்ததுபோல் ஆகி, சிராம்பு இன்னும் கூடும். கிணற்றுக்குப் போட்டு மிஞ்சிய குளோரின் தூளும் நாரைத் தின்னும்.

உங்கள் மரம் சாகவில்லை. தளத்தின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கத்தி முனையால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர்கூடப் போகாமலே முதிரையின் பொன்மஞ்சள் தெரியும். மேலே இருப்பது வெயில் எரித்த தோல் மட்டும். ஆனால் பலகை நுனிகளையும் சட்டத்தில் படியும் இடங்களையும் திருப்புளியால் குத்துங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டு உக்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

நல்ல வெயில் உள்ள ஆவணியில் தொடங்குங்கள். ஐப்பசி மழை வந்தால் பலகை காயாது. இடுக்குகளில் உள்ள சருகையும் மண்ணையும் முதலில் கிளறி எடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சவர்க்காரத் தண்ணீரும் தும்புத்தடியும் போதும், நார் ஓடும் பக்கமாகவே தேயுங்கள்.

ஆணியடிக் கறுப்பு அழுக்கு அல்ல. வாழைப்பூ வெட்டிய கத்தி கறுக்கிறதே, அதே கதைதான்: மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த மை. இதற்கு ஒக்சாலிக் அமிலம் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் 1 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 60 கிராம் கரைத்துத் தடவி, 15 நிமிடத்தில் நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். நஞ்சு அது. கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், பிள்ளைகளையும் கோழிகளையும் கிட்ட விடாதீர்கள், கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓட விடாதீர்கள். அப்புறம் அந்த ஆணிகளைக் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள். பழையதையே விட்டால் அடுத்த மாரிக்குள் கறள் திரும்ப இறங்கிவிடும்.

மூன்று நாள் நன்றாகக் காயட்டும். பிறகு 60, அடுத்து 80 இலக்க சாண்ட் பேப்பர். அதற்கு மேல் மினுக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. வெளிப்புற மரத்துக்கென்று நிறம் கலந்து விற்கும் எண்ணெயைத்தான் வாங்குங்கள், வெயிலைத் தடுப்பது அந்த நிறம்தான். தேங்காயெண்ணெய் காயாது, சிக்குவாடை அடிக்கும். வார்னிஷ் வெயிலில் வெடித்து உரிந்துபோகும். மெல்லியதாகப் பூசி, கால் மணித்தியாலத்தில் மிச்சத்தை ஒற்றி எடுங்கள்.

ஒற்றிய துணியைச் சுருட்டி விறகுக் கொட்டிலில் எறிந்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்திருந்தால் அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் ஊறப்போட்டு, பிறகு வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.